பாலை மரம் ஒன்று, கூரை இல்லை

போன மாசம் என்னுடைய பழைய களப் புத்தகம் ஒன்று என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. நான் ஓய்வு பெற்று ஏழு வருஷமாகிறது. ஓய்வூதியக்காரனைத் தேடி வருவது நீரிழிவுக் கிளினிக் துண்டும் யாரோ மௌத்தாகிவிட்ட சாவுச் செய்தியும்தான் என்று பழகிவிட்ட எனக்கு, அந்தக் காக்கி அட்டையைக் கண்டதும் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. முழங்கால்தான் வலித்தது. அந்தப் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு பக்கமும் கால் புதையும் மணலில் நடந்து எழுதியது.

கொண்டுவந்தவள் பர்ஹானா. நில அளவை அலுவலகத்தில் நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள். கெட்டிக்காரி, ஆனால் சிரிக்க யோசிப்பவள். ஸ்கூட்டியைக் கரைத்தீவு வெயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, புத்தகத்தை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"சேர், இந்த இடத்த வெட்டி இருக்கீங்க. என்னத்துக்கு எண்டு கேக்கச் சொன்னாங்க."

என் எழுத்துத்தான். 'பாலை மரம் 1. சுற்றளவு 2.6 மீற்றர்.' அதன் மேல் பென்சிலால் ஒற்றைக் கோடு. கீழே, 'கட்டடம் 1. தற்காலிகம். கிடுகுக் கூரை.' பக்கத்தில் என் சுருக்கக் கையெழுத்து. கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழிக்கு அப்பால், கடலோரக் காணி அளந்தபோது எழுதியது.

இப்போது ட்ரோனைப் பறக்கவிட்டு மேலிருந்து எடுத்த படத்தை வைத்துப் புது வரைபடம் செய்கிறார்களாம். மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் மரம் தெரிகிறது, கட்டடம் தெரியவில்லை. அப்படியென்றால் நான் இல்லாத கட்டடத்தைக் கீறினேனா? அதற்குப் பதில் எழுத ஒரு படிவமும் தந்திருந்தார்கள். பிழை என்று நான் ஒப்புக்கொண்டால் வரைபடத்தைத் திருத்துவார்கள். கட்டடத்துக்காகப் பிரித்து விட்ட பத்துப் பேர்ச் அளவு நிலத்துண்டு, பக்கத்து உல்லாச விடுதிக் காணியோடு போய்ச் சேரும். மரமும் அதோடு போகும்.

"பிழைதான் மகள்" என்றேன். "ஆனா நீங்க நினைக்கிற பிழை இல்ல."

தேத்தண்ணி ஆறும் வரைக்கும் சொன்னேன். சொன்னதைவிட விட்டது அதிகம். விட்டதையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

நான் மன்னார்ப் பக்கத்தான். தியத்தலாவைக் குளிரில் பயிற்சி. அட்டைக்கடியும் பனியுமாகக் காலம் போனது. அங்கே படித்த கணக்கெல்லாம் இன்றைக்கு ஒரு கைபேசி செய்துவிடுகிறது. தொண்ணூறில் எங்கள் முஸ்லிம் சனத்தை இயக்கக்காரர் வடக்கிலிருந்து போகச் சொன்னபோது நான் வேறு மாவட்டத்தில் வேலையில் இருந்தேன். வாப்பாவும் உம்மாவும் என் மனைவியும் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். இடமாற்றம் கேட்டு நானும் புத்தளத்துக்கு வந்து, அகதி முகாமில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு ஊரார் காணியை அளந்தேன். 'ஊருக்கெல்லாம் எல்லை போடுறார், தனக்குப் படுக்க ஒரு துண்டு இல்ல' என்று முகாமில் பகிடி பண்ணுவார்கள். பகிடி என்றாலும் பொய் இல்லை.

எங்கள் அத்தியட்சகரை எல்லோரும் லொக்கு மாத்தயா, பெரிய ஐயா, என்போம். ஒல்லியான மனிதர். மணிக்கட்டில் எப்போதும் பிக்குகள் ஓதிக் கட்டிய வெள்ளைப் பிரித் நூல். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. களப் புத்தகத்தைக் கொடுத்தால் முதலில் வாசிக்க மாட்டார்; பக்கத்தைத் தூக்கி யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிப்பார். எங்காவது அழித்திருந்தால் தாள் மெலிந்து வெளிச்சம் கூடத் தெரியும். அழிப்பது பெரிய குற்றம். பிழை எழுதினால் ஒற்றைக் கோட்டால் வெட்டவேண்டும், கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும், வெட்டியவன் பக்கத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். ஒருமுறை என் பையில் அழிறப்பர் ஒன்றைக் கண்டுபிடித்தார். பிளேட்டால் இரண்டாக வெட்டிப் பாதியை என்னிடம் தந்து, "வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடு" என்றார். மற்றப் பாதி அவர் ஓய்வு பெறும்வரை அவருடைய மேசையிலேயே இருந்தது. வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் நான் அதைப் பார்க்கவேண்டியிருந்தது.

எது கட்டடம், எது கட்டடமில்லை என்று நாங்கள் தடுமாறும்போது அவர் கேட்பது ஒரே கேள்விதான். "வஹலக் தியெனவத?" கூரை இருக்கிறதா? இருந்தால் கட்டடம். இல்லாவிட்டால் சுவர் நின்றாலும் இடிபாடு, தூண் நின்றாலும் மரம், கல் நின்றாலும் கல். அந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாளும் நான் திருப்பிக் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்ததும் எங்கள் கரைக்கு விலை வந்தது. அதுவரை கருவாடு காய்ந்த மணலில் வெளிநாட்டுக்காரன் பட்டம் கட்டிப் பலகையில் நின்று கடலில் ஓடப்போகிறான் என்றார்கள். கரையோர அரச காணியை விடுதிகளுக்குப் பிரிப்பதற்காக அளக்கச் சொல்லி எனக்குக் கட்டளை வந்தது. நானும் உதவியாள் சிறிபாலவும் மாசக்கணக்காக அந்த மணலில் கிடந்தோம்.

பாலை மரம் நின்றது, மீனவர் தங்கிக் கருவாடு போடும் ஒரு வாடிக்குப் பின்னால். சுற்றியிருந்த பற்றையெல்லாம் கடற்காற்றில் கிழக்கே சாய்ந்திருக்க, அது மட்டும் நேரே நின்றது. அடியில் எண்ணெய் பிடித்த ஒரு கருங்கல், ஒரு சூலம், மண் விளக்கு. கொப்பு முழுக்க வலைத் துண்டுகள் முடிந்து தொங்கின. பச்சை, நீலம், வெளுத்துப்போன பழசு. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஓய்ந்து மீன் வாருகிற காலம் தொடங்கினால், ஒவ்வொரு புது வலையிலும் முதல் ஒரு சாண் துண்டைக் கத்தரித்து அந்தக் கல்லில் இருக்கும் முனியப்பருக்குக் கட்டிவிட்டுத்தான் கடலுக்குப் போவார்களாம். கட்டாத வலையை ஒருவரும் தோளில் தூக்கமாட்டார்கள்.

சுற்றளவு எடுக்க நாடாவைச் சுற்று என்று சிறிபாலவிடம் சொன்னேன். மனிதன் செருப்பைக் கழற்றினான், பக்கத்துப் பற்றையில் ஓர் இலைக் கொப்பை முறித்துப் பாலைக் கிளையில் தொங்கவிட்டான். "காட்டில் எங்கள் ஆட்களும் இப்படித்தான், ஐயனாயக்க தெய்யோ என்ற சாமிக்கு" என்றான். அதற்குப் பிறகுதான் நாடாவைத் தொட்டான். நான் நிழலில் நின்று பென்சிலைத் தீட்டினேன்.

வாடிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையெல்லாம் உப்பு. பெயர் இராசம்மா, கருவாடு போடுகிறவள். புருஷன் கடலில் மாண்டுபோனபிறகு அவன் வைத்த விளக்கை இவள்தான் வைக்கிறாள்.

படிவத்தில் 'நிலத்தில் இருப்பவர்' என்று ஒரு நிரல். அதை நிரப்பவேண்டும்.

"இந்த இடம் ஆருட தங்கச்சி?"

"அவர்ட."

"அவர் எண்டா?"

கல்லைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆள் பேர் வேணும். உங்கட பேரப் போடவா? நீங்கதானே விளக்கு வைக்கிற."

"விளக்கு வைக்கிறவளுக்கு இடம் சொந்தமா நானா? என்ட பேரப் போட்டா அவர்ட இடத்த நான் களவெடுத்த மாதிரி."

எங்கள் ஆட்களை அண்ணன் முறையில் நானா என்பது அந்தக் கரை வழக்கம். காணிக்காகப் பெற்ற தாயையே மறுக்கிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அவள் பேச்சு விளங்கவில்லை. நிரலில் 'எவருமில்லை' என்று எழுதினேன். களப் புத்தகத்தில் 'பாலை மரம் 1'. அன்றைக்கு அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை லொக்கு மாத்தயாவிடம் புத்தகத்தைக் கொடுத்தபோது, இந்த மரத்தடியில் சனம் கும்பிடுகிறது, கோயில் என்று போடலாமா என்று கேட்டேன். வழிபாட்டிடம் என்றால் தனித் துண்டாகப் பிரித்துவிட வழி இருந்தது. மரம் என்றால் விடுதிக்காரன் வெட்டலாம்.

"வஹலக் தியெனவத?"

"இல்லை சேர்."

"அப்படியானால் மரம்." பிரித் நூல் கட்டிய கையால் புத்தகத்தை மூடினார். "கண்டதைத்தான் கீறுவோம் ஜமீல். நம்புவதைக் கீறத் தொடங்கினால் இந்தச் சின்ன நாட்டுக்கு எத்தனை தாள் வேண்டும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. மரம் வெட்டுப்படப்போவது தெரிந்தும் பேசாமல் இருக்க முடியவில்லை. சட்டத்தை மீறாமல் சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. புதன்கிழமை தனியாகப் போய் இராசம்மாவிடம் சொன்னேன். நாலு கம்பு, மேலே நாலு கிடுகு. வெள்ளிக்கிழமை நான் வரும்போது கூரை நிற்கவேண்டும். நின்றால் அது கட்டடம், நான் கீறுவேன், இடம் தப்பும்.

அவள் கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"அவர் கூரை ஏற்கமாட்டார் நானா. வெயிலும் மழையும்தான் அவருக்கு. என்ட மாமனார் காலத்தில தகரம் போட்டவங்களாம். ஒரு கிழமையில காத்து கொண்டுபோய்க் களப்புத் தண்ணியில போட்டது."

"கொஞ்ச நாளைக்குத்தானே. காணி விசாரணை முடிஞ்ச உடனே கழட்டுங்க."

"எத்தின நாள்?"

"ரெண்டு மாசம். மிஞ்சினா மூண்டு."

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அரசாங்க விசாரணை மூன்று மாசத்தில் முடிந்ததை என் உத்தியோக காலத்தில் நான் கண்டதில்லை. அது தெரிந்துகொண்டே சொன்னேன்.

"போடாட்டி வெட்டுவாங்களா?"

"வெட்டுவாங்க தங்கச்சி."

அவள் கையைக் கழுவிக்கொண்டு மரத்தடிக்குப் போய் நின்றாள். என்ன கேட்டாளோ, தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடித்துப் போனேன், கூரை நின்றது. புதுக் கிடுகு. வாடிக்காரர்கள் ஒருவரும் கைகொடுக்கவில்லை என்றும் அவளே கம்பு நட்டாள் என்றும் பிறகு அறிந்தேன். 'பாலை மரம் 1' என்பதை ஒற்றைக் கோட்டால் வெட்டினேன், 'கட்டடம் 1' என்று எழுதினேன், கையெழுத்து வைத்தேன். லொக்கு மாத்தயா பக்கத்தை யன்னலுக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வழக்கமான கேள்வியைக் கேட்காமலே ஒப்பமிட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

விசாரணை இழுத்தது. கூரையும் நின்றது. கிடுகு உக்கும்போதெல்லாம் மாற்றச் சொல்லி நானே ஆள் அனுப்பினேன்.

அடுத்த வருஷம் எல்லைக்கல் நாட்டப் போனேன். விடுதியின் மதில் பாதி எழும்பியிருந்தது. துண்டு நிலம் தனியாக நின்றது, மரமும் நின்றது. ஆனால் கொப்பில் புது வலைத் துண்டு ஒன்றுகூட இல்லை. விளக்கில் எண்ணெய் காய்ந்து கறுத்திருந்தது. கூரை போட்ட அன்றைக்கே முனியப்பர் எழும்பிப் போய்விட்டார் என்று கரைச்சனம் முடிவு கட்டிவிட்டது. வலையின் முதல் சாண் துண்டை இப்போது தலவில அன்னம்மா தேவாலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தெய்வத்தைத் துரத்தினவள் கை பட்ட கருவாடு வேண்டாம் என்று வாடியிலும் இராசம்மாவை நிற்பாட்டிவிட்டார்கள். அவள் தென்னந்தோட்டத்தில் தேங்காய்ப் பொச்சு உரித்துக்கொண்டிருந்தாள். அங்கே போய்த்தான் கண்டேன்.

"நீங்க சொன்னபடி செஞ்சன் நானா" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. "உங்கட பிளானில இருக்கிறார். இஞ்ச இல்ல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அந்தக் குரங்கை நானே பிடித்துவைத்த நாள் அது. விசாரணை முடியாததால், கூரையைக் கழற்றுங்கள் என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்காமல், நாட்டவேண்டிய கல்லை நாட்டிவிட்டு வந்தேன்.

அதே காலத்தில்தான் மன்னாரில் எங்கள் வாப்பாவின் காணியைப் பார்க்கப் போனேன். இருபது வருஷத்துக்கு மேல். வீட்டுச் சுவர் மூன்று நின்றது. கூரை இல்லை. உம்மா குர்ஆன் வைத்த மாடம் அப்படியே இருந்தது, அதற்குள் பற்றை முளைத்திருந்தது. அங்கே வேலை செய்த இளம் நில அளவையாளர் தம்முடைய புது வரைபடத்தைக் காட்டினார். எங்கள் வளவின்மேல் 'காடு' என்று எழுதியிருந்தது. நிலத்தில் இருப்பவர்: எவருமில்லை.

"இது வீடு தம்பி" என்றேன்.

"சேருக்குத் தெரியாததா? கூரை இல்லையே" என்றார், மரியாதையாகத்தான்.

அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். திரும்பி வரும் பஸ்ஸில் அழுதேன். அது வீட்டுக்காகவா, எத்தனை பேரின் சுவரை நான் காடு என்று எழுதினேன் என்ற எண்ணத்தாலா என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

இவ்வளவும் பர்ஹானாவிடம் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. சொன்ன மட்டும் கேட்டுவிட்டு, "அப்ப போய்ப் பாப்பமா சேர்?" என்றாள். இரண்டு நாள் கழித்து அலுவலக வாகனத்தில் போனோம்.

இரண்டு பக்கமும் விடுதி மதில். நடுவில் எங்கள் துண்டு. பாலை மரத்தடியில் நாலு கம்பு நட்ட குழிகூடத் தூர்ந்து போயிருந்தது. கொப்பைப் பார்த்தேன். புது வலைத் துண்டுகள். நீலம், பச்சை. எண்ணுகிற அளவுக்குத்தான், ஆனாலும் புதியவை. விளக்கில் எண்ணெய் இருந்தது.

இராசம்மா மதில் நிழலில் இருந்து மீன் கீறிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் காண அவளுக்கு நேரம் எடுத்தது.

விசாரணை முடிந்து கடிதம் வந்த வருஷம், கச்சானில் இரண்டு கிடுகு பறந்ததாம். அவள் திருப்பிப் போடவில்லை. மிச்சத்தைத் தானே இழுத்துப் போட்டு அடுப்பில் வைத்தாளாம். அதற்குப் பிறகும் இரண்டு மீன்காலம் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் காலம் ஒருவன் ஒரு சாண் வலையோடு வந்தான்.

"இப்ப மேல இருந்து படம் பிடிக்கிறாங்க" என்றேன். "கூரை இல்லாட்டி இடம் இல்ல எண்டு சொல்றாங்க தங்கச்சி. திருப்பியும்."

கத்தி நின்றது.

"திருப்பிக் கூரை போடச் சொல்லவா நானா வந்த நீங்க?"

"இல்ல."

"அண்டைக்கு நான் பயந்து போட்டன். இனிப் போடமாட்டன்." மரத்தைப் பார்த்தாள். "உங்கட பிளானில இல்லாமப் போனாப் போகட்டும். வெட்ட வந்தா நான் மரத்தடியில இருப்பன். என்ன வெட்டிப்போட்டு மரத்த வெட்டட்டும்."

நான் அவளிடம், முன்பே கேட்டிருக்கவேண்டிய மன்னிப்பைக் கேட்டேன். அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள். இரண்டு காரல் மீனைத் தாளில் சுற்றி, "இந்த வயசில வாற சீனி வருத்தத்துக்கு நல்லம்" என்று தந்தாள்.

வாகனத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே படிவத்தை நிரப்பினேன். கட்டடம் தற்போது உண்டா? 'இல்லை.' முன்பு இருந்ததா? 'இருந்தது. சட்டத்தில் சேர்ப்பதற்காக நான் போடச் சொன்னது. பிழை என்னுடையது.' கடைசியில் அந்தப் பழைய நிரல் இருந்தது. நிலத்தில் இருப்பவர். அதில் எழுதினேன்: 'முனியப்பர். நெடுங்காலமாக.' கீழே என் முழுப் பெயர், பதவி, ஓய்வு, கையெழுத்து.

பர்ஹானா இரண்டு தரம் வாசித்தாள்.

"சேர், நீங்க இத நம்புறீங்களா?"

"நஊதுபில்லாஹ், அல்லாஹ் காப்பாத்தணும். இல்ல மகள்."

நம்புவதைக் கீறக்கூடாது என்று லொக்கு மாத்தயா சொன்னார். நான் நம்பாததைத்தான் எழுதினேன். ஐந்து வேளை தொழுகிறவன் எழுதுகிற எழுத்தா இது என்று என் மனைவி பிறகு கேட்டாள். நான் அங்கே கண்டது புது வலைத் துண்டை. அது ஆள் இல்லாத இடத்தில் கட்டுகிற துண்டு இல்லை என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

"மேல ஒத்துக்கொள்ளமாட்டாங்க சேர்" என்றாள் பர்ஹானா. "இந்தப் பேர வெட்டிப்போடுவாங்க."

"வெட்டட்டும் மகள். அழிக்க விடாதீங்க. ஆர் வெட்டுறாரோ, ஒத்தக் கோட்டால வெட்டி, பக்கத்தில தன்ட கையெழுத்த வைக்கச் சொல்லுங்க."